போனை ரீசெட் செய்யும் முன் ஆத்தென்டிகேட்டரைக் கவனியுங்கள்

லாக்-இன் செய்யும்போது பாஸ்வேர்டுக்குப் பிறகு இட வேண்டிய ஆறு இலக்க எண்ணைப் போனில் காட்டுவது ஆத்தென்டிகேட்டர் ஆப். அதை வைத்துக் கணக்கைப் பூட்ட ஐந்து நிமிடம் போதும். பூட்டியவரே பிறகு வெளியே நின்று தட்டும்படி ஆகிவிடக் கூடாது. அதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பழைய போனை ரீசெட் செய்து யாருக்கோ கொடுத்துவிட்டு, சிம்மைப் புதுப் போனில் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிக்கு அது சரி. ஆப் காட்டும் எண்ணுக்கும் சிம்முக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஆப்புக்குள் முக்கியமாகப் போவது ஒரு ரகசியச் சாவி. அதே சாவி தளத்தின் சர்வரிலும் இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகளை 30ஆல் வகுத்து, கிடைக்கும் முழு எண்ணைச் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆறு இலக்கம் வரும். போனும் சர்வரும் தனித்தனியாக இதே கணக்கைப் போடுகின்றன. விடை ஒத்துப்போனால் கதவு திறக்கும். அதனால்தான் இன்டர்நெட், சிக்னல் எதுவும் இல்லாமலே ஆப் எண் காட்டுகிறது.

சரியாக டைப் செய்தும் ‘தவறான கோடு’ என்று வந்தால் முதலில் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். வேறு நாட்டுக்குப் போனவர் நேர மண்டலத்தை மாற்றாமல் முள்ளை மட்டும் கையால் நகர்த்தி வைத்திருப்பார். திரையில் மணி சரியாகத்தான் தெரியும். ஆனால் உலகப் பொது நேரத்தின்படி போன் பல மணி நேரம் தள்ளி நிற்கும். தேதி, நேரம் இரண்டையும் தானியங்கிக்கு மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. இன்னொரு காரணமும் உண்டு: ஒரே கணக்கை இரண்டு முறை செட்டப் செய்திருந்தால் ஆப்பில் ஒரே பெயரில் இரண்டு வரிகள் இருக்கும். பழைய வரியும் எண் காட்டிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் அது செல்லாது. புதியது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்.

செட்டப் செய்யும்போதே சாவியைத் தாளில் எழுதிவைப்பது நல்லது. க்யூஆர் கோடுக்குக் கீழே ‘ஸ்கேன் செய்ய முடியவில்லையா’ என்பது போல ஒரு இணைப்பு இருக்கும்; அழுத்தினால் சாவி எழுத்துகளாக வரும். அதில் ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையிலான எண்களும் மட்டுமே வரும். பூஜ்யம் போலத் தெரிவது ‘ஓ’ என்ற எழுத்து. ஒன்று போலத் தெரிவது ‘ஐ’ அல்லது ‘எல்’. இது தெரியாமல் எழுதிய சாவி, தேவைப்படும் நாளில் கைகொடுக்காது.

ஆப் கைவசம் இல்லாத நாளில் உள்ளே நுழையத் தளம் தரும் பேக்கப் கோடுகளையும் விடாதீர்கள். கூகுள் எட்டு இலக்கத்தில் பத்து கோடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். புதுத் தொகுப்பு எடுத்தால் பழையது முழுவதும் காலாவதி. அதே போனின் கேலரியில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்தால் போனோடு சேர்ந்து அதுவும் போய்விடும். தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள்.

போன் மாற்றும்போது பழையது கையில் இருக்கட்டும். ஆப்பிலேயே கணக்குகளை மாற்றும் வசதி இருந்தால் அது காட்டும் க்யூஆர் கோடைப் புதுப் போனால் ஸ்கேன் செய்யுங்கள். அந்தப் படத்தைப் போட்டோ எடுக்காதீர்கள். தேர்ந்தெடுத்த கணக்குகளின் சாவிகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் முதல் கிளவுடில் சேமிக்கும் வசதி உண்டு. வசதிதான், ஆனால் அதைப் போட்டால் அந்தக் கூகுள் கணக்கே சாவிக்கொத்து ஆகிவிடுகிறது. அதை மற்ற எல்லாவற்றையும்விட இறுக்கமாகப் பூட்ட வேண்டும்.

ஆப் எவ்வளவு நல்லதானாலும் போலித் தளத்தை அது கண்டுபிடிக்காது. நீங்கள் போலிப் பக்கத்தில் இட்ட எண்ணைத் திருடன் அந்த 30 நொடிக்குள்ளேயே உண்மைத் தளத்தில் இட்டுவிடலாம். பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகை, முகம் அல்லது பின் கொண்டு திறப்பது) யுஎஸ்பி செக்யூரிட்டி கீயும் (லாக்-இன் செய்யும்போது செருகும் சிறு கருவி) தளத்தின் முகவரியோடு பிணைந்தவை. முகவரி ஓர் எழுத்து மாறினாலும் அவை பதில் தராது. மெயில் கணக்குக்காவது இவற்றில் ஒன்றைப் போடுங்கள், ஏனென்றால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டு ரீசெட் எல்லாம் அங்கேதான் வருகிறது. செக்யூரிட்டி கீ வாங்கினால் இரண்டாக வாங்கி, இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. லாக்-இன் ஆகியிருக்கும் விண்டோவை மூடாமல், பிரைவேட் விண்டோவில் அதே கணக்குக்குள் நுழையுங்கள். முதலில் புதுப் போனின் எண்ணால், அடுத்து ஒரு பேக்கப் கோடால். இரண்டும் திறந்தால் தாளில் அந்தக் கோடை அடித்துவிட்டுப் பழைய போனை ரீசெட் செய்யலாம்.