விடியக்காலை இரைப்பை: கார்த்திகை மாதக் கோழிக் குறிப்பு

2024 நவம்பர் 19, செவ்வாய்

உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடற்கரையோரக் கொல்லை. பெட்டை 14, சேவல் 2.

இரைப்பை என்பது விழுங்கிய இரை முதலில் தங்கும் பை. அதைத் தடவிப் பார்க்க ஏற்ற நேரம் விடியக்காலை, கூடு திறக்கும் முன். மார்பெலும்புக்கு மேலே, கழுத்தடியில், கோழியின் வலப்பக்கம் கைவைக்க வேண்டும். சாயங்காலம் அது புடைத்திருப்பது இயல்பு, காலையில் காலியாகிக் கைக்கே தட்டுப்படாது. அப்போதும் கட்டியாக இருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பலூன் போலத் தளதளத்து, வாயில் புளித்த வாடை வந்தால் பூஞ்சை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இன்று செவலைப் பெட்டைக்கு எலுமிச்சை அளவில் கெட்டியான உருண்டை. இரை நிறுத்தம், தண்ணீர் மட்டும். மண்ணைக் கொத்தாதபடி சாக்கு விரித்து, அதன்மேல் பஞ்சாரத்தில் கவிழ்ப்பு.

நவம்பர் 20, புதன்

பேய்மழை. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். கூட்டின் கீற்று ஒழுகி, குருணை மூட்டையின் அடி நனைந்துவிட்டது.

செவலைக்குத் தேங்காய் எண்ணெய் 3 மில்லி, ஊசியில்லாத சிரிஞ்சில். அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் வேரிலேயே இருப்பதால் மொத்தமாக ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு உருண்டையை விரல்நுனியால் மெல்லப் பிசைந்து உடைப்பது, ஐந்து நிமிடம், ஒரு நாளில் நாலு தடவை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு அழுத்துகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. வருகிற கலங்கல் மூச்சுக்குழலில் இறங்கினால் கோழி கைக்குள்ளேயே போய்விடும். வேண்டாம்.

நவம்பர் 22, வெள்ளி

செவலை இறந்தது. உருண்டை இளகவே இல்லை. இரண்டு நாளில் இளகாத அடைப்பை மருத்துவர் கீறி எடுப்பதுதான் வழி. நேற்றே கொண்டுபோயிருக்க வேண்டும், ரோடெல்லாம் தண்ணீர்.

அறுத்துப் பார்த்ததில் காய்ந்த கோரைப்புல், பனைநார், அதன் நடுவே ஒரு முழத்துக்குத் தங்கூசி நரம்பு, அதாவது மீன்வலை நைலான் இழை. வலை பிரித்த இடத்தில் கிடந்த துண்டு. நரம்பு கயிறாகச் சுற்றிக்கொள்ள, புல்லும் நாரும் அதில் பின்னிக்கொண்டன. எண்ணெயால் இதை அவிழ்க்க முடியாது.

இரைப்பையோடு நிறுத்தாமல் அரைவைப்பையையும் (கோழி விழுங்கிய கல்லால் இரையை அரைக்கும் பை) திறக்க வேண்டும். பாதிக் காரணம் அங்கேதான் கிடக்கும். இதற்குள் ஒரு கல் கூட இல்லை, சிப்பித் தூள் மட்டும். இரைப்பை வெறும் பை, அரைப்பது கீழே. கீழே அரைபடாவிட்டால் மேலே தேங்கும்.

நம் கரையில் இதுதான் சிக்கல். சிப்பிக்குப் பஞ்சமே இல்லை, அதனால் கோழிக்குக் கல் கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். சிப்பி முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பு, வயிற்று அமிலத்தில் கரைந்துபோகும். பவளப்பாறைச் சல்லியும் அதே ஜாதி. கடல்மணல் பொடி, அரைக்காது, உப்பு வேறு. சந்தேகமிருந்தால் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்: நுரைத்தால் சுண்ணாம்பு, கருங்கல் நுரைக்காது.

நவம்பர் 24, ஞாயிறு

கழுத்தறுத்தான் பெட்டைக்கும் (கழுத்தில் இறகில்லாத வகை) ஒரு விடைக்கோழிக்கும் (இளம்பெட்டை) தளதளத்த இரைப்பை, புளித்த கள் வாடை. நனைந்த மூட்டைதான். மேல்குருணை நன்றாகத்தானே இருக்கிறது என்று போட்டது தப்பு. பூசணம் அடியில் கட்டியாகப் பிடித்திருந்தது. மூட்டை முழுவதும் குழிக்குள் போனது.

வைத்தியம்: ஒரு நாள் இரை இல்லை. குடிக்கும் தண்ணீரில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) லிட்டருக்கு அரை கிராம். அரை கிராமை வீட்டுத் தராசு காட்டாது. 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்து, அதில் 50 மில்லி எடுத்து ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்தால் அளவு சரி. மூன்று நாள். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம்தான், தகரம் ஆகாது. கூடினால் அதுவே விஷம். ஆடுகள், முக்கியமாகச் செம்மறி, வாய்வைத்துவிடாமல் பார்க்க வேண்டும், அவற்றுக்குச் செம்பு சீக்கிரம் ஏறும். இது எல்லாக் கோழிக்கும் கேட்கிற மருந்தல்ல. வாடை போகாவிட்டால் மருத்துவரிடம் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்து கேட்கலாம். கடையில் தரும் ஆன்டிபயாடிக் பவுடரைக் கலக்கவே கூடாது. நல்ல கிருமி செத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

நவம்பர் 26, செவ்வாய்

பக்கத்து வீட்டு அக்கா ஒரு கோழியைக் கொண்டுவந்தார்: “தம்பி, இதுக்கும் அந்த நீல மருந்த ஊத்தவா?” இரைப்பை நிறையத் தண்ணீர், வாடை இல்லை, கால் தள்ளாட்டம், ஓயாத தாகம். இது உப்பு. கருவாட்டுக் கழிவை அப்படியே போட்டிருக்கிறார்கள், குடிக்கக் கொடுத்ததும் கிணற்று உப்புத் தண்ணீர். ஊற்றுத் தண்ணீர் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. கருவாட்டுத் தலையை இரண்டு தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, தவிட்டோடு ஒரு பிடி கலந்தால் போதும். தீவனத்தில் உப்பு மொத்தமே அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

நவம்பர் 28, வியாழன்

விடைக்கோழி தேறியது, காலையில் இரைப்பை காலி. குழைந்த கம்புக்கூழ், ஒரு கரண்டி தயிர். கழுத்தறுத்தான் இறந்தது. இரைப்பையின் உட்சுவர் தடித்து, துவாலைத் துணி போல வெள்ளைப் பொருக்கு. இந்த அளவுக்குப் போனபின் மருந்து ஏறுவது கடினம். மேட்டில் இரண்டு முழக் குழி, சுண்ணாம்பு. பள்ளத்தில் தோண்டினால் ஊற்று வந்துவிடும்.

நவம்பர் 30, சனி

கருங்கல் சிப்ஸ் தூள் ஒரு சட்டி. 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை சலித்துக் கழுவி, சிரட்டையில் தனியாக வைத்தது. இரையில் கலக்கக் கூடாது, வேண்டியதை அதுவே எடுக்கும். சிப்பி வேறு சிரட்டையில். முதல் நாள் கல்லை அள்ளி அள்ளித் தின்றன.

கொல்லையில் பொறுக்கிய நரம்புத் துண்டுகள் ஒரு பை நிறைய.

டிசம்பர் 3, செவ்வாய்

சேவல் ஒன்று உறக்கமாக நிற்கிறது. இரைப்பை நிறைந்திருக்கிறது, ஆனால் எச்சம் பச்சையும் வெள்ளையும். இது இரைப்பை நோயாக இருக்காது. வெள்ளைக்கழிச்சலிலும் (ராணிக்கெட் என்ற தொற்றுநோய்) இரை இறங்காமல் நிற்கும். எண்ணெய், பிசைவது எதுவும் வேண்டாம். சேவலைத் தனியே அடைத்தாயிற்று, தண்ணீர்ச் சட்டியும் தனி. கால்நடை மருத்துவரிடம் சொல்லியாகிவிட்டது. இன்னொன்றும் சாய்ந்தால் அறுத்துப் பார்க்கப் போவதில்லை. பிப்ரவரி முகாமில் அதற்கான தடுப்பூசி போடும்போது இந்தச் சேவல் பனைமேல் ஏறி இறங்கவே இல்லை.

டிசம்பர் 4, புதன்

பெட்டை 12. பன்னிரண்டுக்கும் காலையில் இரைப்பை காலி. சேவல் அப்படியே நிற்கிறது.