பாரிஸில் ஞாயிற்றுக்கிழமை: எந்தக் கடை திறந்திருக்கும், எத்தனை மணி வரை?

"ஞாயிற்றுக்கிழமை பாரிஸே மூடிக்கிடக்கும்" என்பார் ஒருவர். "அப்படியெல்லாம் இல்லை, எல்லாம் திறந்துதான் இருந்தது" என்பார் இன்னொருவர். இரண்டுமே உண்மை, அவரவர் போன தெருவைப் பொறுத்தது. ஒரு மெட்ரோ நிலையத்திலிருந்து மேலேறி வந்தால் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம் இருக்கும். இரண்டு நிலையம் தள்ளி இறங்கினால் தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருக்கும்.

காரணம் தெரிந்துவிட்டால் எந்தக் கதவு திறந்திருக்கும் என்று ஓரளவு நீங்களே கணித்துவிடலாம். பிரான்சில் இந்த விதி ஊழியரின் ஓய்வை வைத்து எழுதப்பட்டது. 1906இல் வந்த சட்டம் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அதுவும் ஞாயிறாக இருக்க வேண்டும் என்றது. இன்றைக்கும் அதுதான் அடிப்படை. விலக்குகள் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. ஆட்களை வைக்காமல் முதலாளியே கல்லாவில் நின்றால் இந்த ஓய்வு விதி பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. 'அலிமான்தாசியோன் ஜெனரல்' (பலசரக்கு) என்று போர்டு வைத்த மூலைக்கடைகள் ஞாயிறு இரவிலும் விளக்கெரிய இருப்பது பெரும்பாலும் இதனால்தான். விலை மட்டும் கொஞ்சம் கூட.

பயணிகளுக்கு முக்கியமான விலக்கு 2015இல் வந்தது. பாரிஸில் பன்னிரண்டு பகுதிகளைப் பன்னாட்டுச் சுற்றுலா மண்டலங்கள் என்று அறிவித்து, அங்குள்ள கடைகள் வருடம் முழுக்க ஞாயிறும் திறக்கலாம் என்றார்கள். மாரே, ஷான்செலிசே, ஓஸ்மான், மோன்மார்த்ர், லே ஆல், போகிரனெல் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஆனால் அனுமதி கிடைத்தால் மட்டும் போதாது. ஊழியர் தரப்போடு ஒப்பந்தம் வேண்டும், வேலைக்கு வருபவர் தானாகச் சம்மதிக்க வேண்டும். ஓஸ்மானில் இருக்கும் கலேரி லஃபாயத் என்ற பெரிய பல்பொருள் கடை 2017 ஜனவரியில்தான் ஞாயிறுகளில் வழக்கமாகத் திறக்க ஆரம்பித்தது. இந்தத் தாமதத்தைக் குறையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நாம் உல்லாசமாகச் சுற்றும் நாளில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவரிடம் முதலில் கேட்டுவிட்டுத் திறப்பதுதான் முறை.

ஓஸ்மானின் பெரிய கடைகளுக்குக் காலை பத்து மணிக்கே போய்க் காத்திருக்க வேண்டாம். ஞாயிறன்று 11 மணிக்குத் திறந்து இரவு 8 வரை இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற, ஒரே கடையில் மூன்று நாளுக்குள் வாங்கியது 100 யூரோவைத் தாண்டியிருக்க வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மாலையில் கடையில் வரிப் படிவம் தரும் கவுன்டரில் வரிசை நீளும் என்பதால் மதியத்துக்கு முன்பே வாங்கி முடிப்பது நல்லது. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் அந்தப் படிவத்தை இயந்திரத்தில் ஸ்கேன் செய்யுங்கள். இதை மறந்தால் பணம் வராது.

மாரே பகுதிக்குத் தனிக் கணக்கு. அங்கே ரூ தே ரோசியே தெருவில் யூதர்களின் கடைகள் பல சனிக்கிழமை மூடி ஞாயிறு திறக்கும். துணிக்கடைகளில் சின்னவை சில மதியம் ஒன்று, இரண்டுக்குத்தான் கதவைத் திறக்கும்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது சாப்பாட்டுச் சாமான் வாங்கும்போதுதான். இந்த மண்டலங்களுக்கு வெளியே, உணவுப்பொருள் விற்கும் கடைகள் ஞாயிறு மதியம் 1 மணி வரைதான் ஊழியரை வைத்து நடத்தலாம். அதனால் 12 மணிக்கு மேல் கல்லாவில் வரிசை முறுக்கிக்கொள்ளும், 12.45க்கு இறைச்சி, சீஸ் பிரிவுகளைத் துடைத்து மூட ஆரம்பித்துவிடுவார்கள். சில சூப்பர் மார்க்கெட்டுகள் மதியத்துக்கு மேலும் திறந்திருக்கும். அப்போது தானியங்கிக் கல்லா மட்டும்தான், கூடவே ஒரு காவலாளி நிற்பார். பார்கோடை இயந்திரம் படிக்காவிட்டால் உதவிக்கு ஆள் இல்லை. ஆகவே நோட்டை நம்பாமல் கார்டோடு போங்கள், எடைபோட வேண்டிய பழம் காய்கறியைத் தவிர்த்துப் பொட்டலம் போட்டதை எடுங்கள்.

சமைக்கும் வசதியுள்ள இடத்தில் தங்கியிருந்தால் தெருச்சந்தைதான் சரி. பஸ்தீய் அருகே ரிஷார் லெனுவார் சாலையில் வியாழனும் ஞாயிறும் சந்தை கூடும். அலிக்ர் சந்தை திங்கள் தவிர எல்லா நாளும் உண்டு. பத்து மணிக்குப் போனால் நல்ல சரக்கு கிடைக்கும். கடைசி அரைமணியில் தக்காளியும் பீச்சும் விலை இறங்கும், ஆனால் அடிபட்டதும் கலந்திருக்கும், பார்த்து எடுக்க வேண்டும். மதியம் இரண்டரைக்குள் பெட்டிகளை மடக்கிவிடுவார்கள்.

மசாலா, கறிவேப்பிலை, முருங்கைக்காய் வேண்டுமென்றால் லாசப்பல் பகுதிக்குப் போங்கள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே நடந்தால் ஃபோபூர் சேன் தெனி தெருவின் மேல்பகுதியில் நம் ஆட்களின் கடைகள் வரிசையாக வரும். புறநகர்க் குடும்பங்கள் வாரச் சாமான் வாங்க வருவதே ஞாயிறன்றுதான். கோடை முடிவில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வரும் ஞாயிறன்று மட்டும் அங்கே சாமான் வாங்கத் திட்டமிட வேண்டாம். அன்று தெருவே தேருக்குத்தான்.

மண்டலத்துக்கு வெளியே உள்ள கடைகளுக்கு மேயர் அனுமதிக்கும் ஞாயிறுகள் வருடத்துக்கு அதிகபட்சம் பன்னிரண்டு. தள்ளுபடிக் காலத்தின் தொடக்கத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களிலும் அவை அதிகம் விழும். அந்த நாட்களில் ஊழியருக்கு இரட்டைச் சம்பளமும் பதிலுக்கு ஓய்வும் உண்டு.

மருந்து அவசரமென்றால் மருந்துக்கடைகளின் அடையாளமான பச்சைச் சிலுவை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் கதவில் அன்று முறை வைத்துத் திறந்திருக்கும் மருந்துக்கடையின் முகவரி ஒட்டியிருக்கும், அல்லது 3237 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஞாயிறு திறந்திருந்த சின்னக் கடைகள், பேக்கரிகள் பலவும் திங்களன்று ஓய்வெடுக்கும். வங்கிக் கிளைகள் சிலவும் அப்படியே. ஆகவே ஞாயிறு கிடைக்காததைத் திங்கள் காலை வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். சனிக்கிழமை மாலையே பாலும் ரொட்டியும் எடுத்து வைத்துவிடுங்கள்.