ஒரே குடுவையில் இரண்டு பாசிகள்

ஆகஸ்ட் 3
ஒரு பாசி நச்சைக் கசியவிட்டு இன்னொன்றை அடக்குகிறதா என்று பார்க்கும் சோதனை. கோவளம் கடல்நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்தாயிற்று. சத்துகளை நீர் நன்றாக ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் பாஸ்பேட் படிந்துவிடும். குடுவைகள் எல்லாம் கண்ணாடி. பாசிகள் கசியவிடும் நச்சுப்பொருள்களில் சில பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்வதால், நச்சின் வீரியம் குறைவாகத் தெரியும்.

ஆகஸ்ட் 4
ப்ரோரோசென்ட்ரம் நீந்தும் ஒருசெல் பாசி. ஸ்கெலட்டோனீமா டயாட்டம், அதாவது சிலிக்கா ஓடுள்ள பாசி; செல்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும். ப்ரோரோசென்ட்ரம் பெருகும் நீரில் ஸ்கெலட்டோனீமா தேய்வது நச்சாலா, பசியாலா? பாசி வளர்க்க வழக்கமாகப் பயன்படும் எஃப்/2 சத்துக் கலவையை அப்படியே ஊற்றினால் இதற்கு விடை கிடைக்காது. லிட்டருக்கு நைட்ரேட் 882 மைக்ரோமோல், சிலிக்கேட் வெறும் 106. டயாட்டம் இவ்விரண்டையும் ஏறத்தாழ சம அளவில் எடுக்கும். ஆகவே சிலிக்கேட் தீர்ந்ததும் டயாட்டம் நின்றுவிடும். சிலிக்கேட்டே தேவைப்படாத ப்ரோரோசென்ட்ரம் மிச்ச நைட்ரேட்டில் வளர்ந்துகொண்டே போகும். பார்ப்பவர் கண்ணுக்கு அது நச்சுப்போர். இதைத் தவிர்க்க நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பத்தில் ஒரு பங்காக்கி, சிலிக்கேட்டை மட்டும் முழு அளவில் விட்டிருக்கிறோம்.

தனி ஸ்கெலட்டோனீமா, தனி ப்ரோரோசென்ட்ரம், கலப்பு: ஒவ்வொன்றிலும் மூன்று குடுவை. தொடக்க அளவு செல் எண்ணிக்கையில் அல்ல, செல்லின் மொத்தக் கன அளவில் சமம்.

ஆகஸ்ட் 6
குளோரோஃபில் அளவு எந்த இனம் வளர்ந்தது என்று சொல்லாது; எண்ணித்தான் ஆக வேண்டும். மாதிரியில் செல்களைக் கெடாமல் காக்கும் லூகால் அயோடின், லேசான டிகாஷன் நிறம் வரும்வரை. செட்ஜ்விக்-ராஃப்டர் என்ற எண்ணும் தட்டில் 1 மி.லி. விட்டு, 15 நிமிடம் படியவிட்டு எண்ண வேண்டும். சங்கிலியை ஒன்றாக எண்ணக்கூடாது, அதன் ஒவ்வொரு செல்லும் கணக்கு. 2 நாளில் 1000 செல் 4000 ஆனால் வளர்ச்சி வீதம் நாளுக்கு 0.69, அதாவது தினம் ஒரு இரட்டிப்பு.

ஆகஸ்ட் 9
கலப்புக் குடுவையில் ஸ்கெலட்டோனீமா சங்கிலிகள் குட்டையாகின்றன. நச்சு என்று எழுதுமுன் பிஎச் (நீரின் அமில-கார அளவு) பார்த்தே ஆக வேண்டும். அடர்ந்த வளர்ப்பு கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதால் பிஎச் 9-ஐத் தாண்டும். பல டயாட்டம்கள் அங்கேயே தளரும், ப்ரோரோசென்ட்ரம் அதற்கு மேலும் தாங்கும்.

2019 ஆகஸ்டில் திருவான்மியூர் பக்கம் அலைகளை நீலமாக ஒளிரவைத்த நாக்டிலூகா என்ற ஒருசெல் உயிரின் வழி இவற்றில் எதுவும் இல்லை. அது டயாட்டம்களை நேராக விழுங்கிவிடும்.

ஆகஸ்ட் 11
வடிநீர்ச் சோதனை: ப்ரோரோசென்ட்ரம் வளர்ந்த நீரைச் செல் இல்லாமல் வடித்து, அதில் ஸ்கெலட்டோனீமாவை வளர்ப்பது. வெற்றிடப் பம்ப்பை வேகமாக இழுத்தால் செல்கள் உடைந்து, உள்ளே இருப்பதெல்லாம் வடிநீரில் கலந்துவிடும். அதனால் சொட்டுச் சொட்டாகத்தான் வடித்தோம். சத்துகளை மறுபடி முழுதாகச் சேர்த்து, பிஎச் 8.1-க்குக் கொண்டுவந்து, அதில் புது ஸ்கெலட்டோனீமா. பக்கத்திலேயே ஸ்கெலட்டோனீமாவின் சொந்த வடிநீரிலும் ஒரு வரிசை. இரண்டிலும் ஒரே அளவு தடை வந்தால் ப்ரோரோசென்ட்ரத்தின் மேல் பழி போட முடியாது.

ஆகஸ்ட் 14
வடிநீரில் தெளிவான தடை இல்லை, கலப்பில் இருக்கிறது. கசியும் பொருள் சீக்கிரம் சிதைகிறதா, செல்லோடு செல் உரச வேண்டுமா என்பது இனிதான் தெரியும். அடுத்து, செல்கள் உரசாமல் நீர் மட்டும் கடக்க, 0.4 மைக்ரான் சவ்வு நடுவில் வைத்த இரட்டைக் கண்ணாடிக் குடுவை. இன்னொரு வரிசையில் வடிநீரைத் தினமும் புதிதாக மாற்றுவது.