எறக்கத்துல தெரியும் பூட்ஸோட குணம்

பூட்ஸ் வாங்கப் போறேன் என்ன வாங்கலாம்னு யாராச்சும் கேட்டா நான் மொதல்ல கேக்குறது காசு எவ்ளோ வெச்சிருக்கீங்கன்னு இல்ல, ஒங்க கால் என்ன அகலம்னுதான். பாதிப்பேர் முழிப்பாங்க. நமக்கு தெரிஞ்சதெல்லாம் நீளம் மட்டும்தான். ஸ்கூல் சப்பாத்து வாங்குன காலத்துல கடைக்காரர் முன்னுக்கு அமுக்கி பாத்துட்டு "ஒரு வெரல் எடம் இருக்கு அக்கா, அடுத்த வருசமும் போடலாம்"னு அம்மாகிட்ட சொல்வாரு, அம்மாவும் சந்தோசமா காச எடுத்து குடுப்பாங்க, அதோட அளவு பாக்குற வேலை முடிஞ்சிது.

நான் இலங்கை மலநாட்டுல ஹப்புத்தளை பக்கம் வெளிநாட்டுக்காரங்கள கூட்டிட்டு மலையில நடக்குற வேலை பாக்குறேன். லிப்டன் சீட், ஹோர்ட்டன் சமவெளி, சீசன் வந்தா சிவனொளிபாதமலை. இப்ப பெக்கோ ட்ரெய்ல் வந்ததுக்கப்புறம் நடை இன்னும் கூடிப்போச்சு, அது கண்டி ஹந்தானையில தொடங்கி 22 பகுதியா 300 கிலோமீட்டர் அளவுக்கு தோட்டத்து ரோட்டுலயும் காட்டுலயும் சுத்தி நுவரெலியாவுல போய் முடியுது. அதனால பூட்ஸ் எனக்கு ஸ்டைலுக்கு போடுற சாமான் இல்ல, தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுறவருக்கு கத்தி எப்படியோ அப்படி.

ஏறும்போது எந்த சப்பாத்தும் நல்ல சப்பாத்துதான். எறங்கும்போதுதான் கத வெளிய வரும். ஒடம்பு வெயிட்டு பூரா முன்னுக்கு தள்ளும், குதிகால் கொஞ்சம் லூஸா இருந்தா கூட பாதம் உள்ளுக்குள்ள சறுக்கி வெரல் போய் முட்டும், சிவனொளிபாதமலையில 5,000-க்கும் மேல படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு முட்டு. கீழ அடிவாரத்துல நல்லதண்ணிங்கற ஊருக்கு வந்து சேரும்போது நகம் கறுத்திருக்கும், அப்புறம் மெதுவா அது விழுந்துரும். அதே படியில நம்ம கிழவிமார் வெறுங்காலோட ஏறி எறங்கிட்டு வந்து டீ குடிச்சிட்டு இருப்பாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா வெரல் போய் முட்டுறதுக்கு முன்னுக்கு ஒண்ணுமே இல்லையே.

இந்த வெறுங்கால் விசயத்துக்குத்தான் வர்றேன். சின்ன வயசுல சப்பாத்து போடாம வளந்த காலுக்கு முன்பாதம் அகலம், வெரல் ஒவ்வொண்ணும் விரிஞ்சு தனித்தனியா நிக்கும். தோட்டத்துல வளந்த நம்மள்ல நெறைய பேருக்கு அப்படித்தான், ஸ்கூல் விட்டு வந்ததும் சப்பாத்த கழட்டி இஸ்தோப்புல, அதான் வாசல் திண்ணையில, போட்டா மறுநாள் காலையிலதான் தொடுவோம், மிச்ச நேரமெல்லாம் தண்ணி எடுக்குற பீலிக்கரை, ரோடு, தேயில மலை எல்லாம் வெறுங்கால்தான். ஆனா வெளிநாட்டு பூட்ஸ் செய்யிற அச்சு, அதான் லாஸ்ட்டுன்னு சொல்றாங்களே, அது பெரும்பாலும் நெடுக ஒடுக்கமா இருக்கு. அப்ப நாம என்ன செய்வோம், அகலம் பத்தலன்னதும் ஒரு சைஸ் கூட எடுப்போம். யூகே கணக்குல ஒரு சைஸ்னா அச்சுல 8.5 மில்லிமீட்டர் அளவுக்கு நீளம் கூடும், அகலம் அதுல கொஞ்சந்தான் கூடும், இப்ப அகலம் ஓரளவு சரி ஆனா நீளம் ஓவர், குதிகால் ஆட ஆரம்பிக்கும், எறக்கத்துல மறுபடியும் வெரல்ல முட்டு. சைஸ் கூட எடுத்தும் நகம் போகுதேன்னு சொல்றவங்க கத இதுதான்.

எனக்கு பூட்ஸ் வாங்கி அனுப்புனது அண்ணன், தோஹாவுல இருக்காரு. வட்ஸ்அப்ல கோல் எடுத்து "டேய் சைஸ் சொல்லு"ன்னாரு. சைஸ் சொல்ல மாட்டேன் அண்ணே, படம் அனுப்புறேன்னு சொல்லிட்டு சாயந்தரமா நடந்து வந்த காலோட, கம்பளி சொக்ஸ போட்டுக்கிட்டு, ஏ4 தாள தரையில ஒட்டி அதுமேல எழும்பி நின்னு தங்கச்சிய விட்டு பென்சில நேர் குத்தா புடிச்சி சுத்தி வரையச் சொன்னேன். எதுக்கு சாயந்தரம்னா நாள் பூரா நடந்தா கால் கொஞ்சம் வீங்கும், காலையில அளந்து வாங்குன பூட்ஸ் பின்னேரம் கடிக்கும். ரெண்டு காலையும் வரையணும், ஒண்ணு கொஞ்சம் பெருசா இருக்குறது சாதாரணம், பெரிய காலுக்குத்தான் எடுக்கணும். பென்சில சரிச்சு புடிச்சா கோடு பாதத்துக்கு அடியில போயிரும், அளவு பிசகிரும், கூசுது கூசுதுன்னு நான் ஆடுனதுல ரெண்டு தாள் வீணாப்போச்சு.

அண்ணன் போன கடையில பிரனொக்னு ஒரு உலோக அளவுப்பலகை இருந்திருக்கு, 1920-கள்ல அமெரிக்காவுல சார்ள்ஸ் பிரனொக்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது, இன்னைக்கும் நல்ல சப்பாத்து கடையில அதுதான். அதுல எனக்கு ரொம்ப புடிச்ச விசயம், குதிகால்ல இருந்து வெரல் நுனி வரைக்கும் ஒரு அளவு, குதிகால்ல இருந்து பெருவெரல் தொடங்குற மூட்டு வரைக்கும் தனியா இன்னொரு அளவு, அதுக்கு மேல அகலம். அந்த ரெண்டாவது அளவுதான் முக்கியம். பூட்ஸ் மடியிற எடமும் பாதம் மடியிற எடமும் ஒண்ணா விழணும், வெரல் குட்டையா இருந்து மூட்டு முன்னுக்கு தள்ளி இருக்குற காலுக்கு நுனி அளவ நம்பி வாங்குனா பூட்ஸ் ஒரு எடத்துல மடியும் கால் வேற எடத்துல மடியும், அத எத்தன மாசம் போட்டாலும் பழகாது. அமெரிக்க பூட்ஸ்ல ஆம்பளைங்களுக்கு டி தான் சாதாரண அகலம், எனக்கு அதைவிட அகலமான டபுள் ஈ வேணும்னு அங்க சொல்லியிருக்காங்க. எந்த கம்பெனின்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, ஒரே நம்பர் போட்டிருந்தாலும் கம்பெனிக்கு கம்பெனி அச்சு வேற, எனக்கு சரிவந்தது ஒங்க கால கடிக்கலாம்.

நேர்ல கடைக்கு போறவங்களா இருந்தா நடந்து நடந்து மட்டும் பாக்காதீங்க, டைல்ஸ் தரையில எல்லா பூட்ஸும் சொகமாத்தான் இருக்கும். லேஸ இறுக்கி கட்டிட்டு படியில எறங்கி காட்டுங்க, வெரல் முன்னுக்கு முட்டுனா அந்த ஜோடி வேணாம். கடைப்பொடியன் "போடப்போட சரியாயிரும் அண்ணே"ன்னு சொல்வான். குதிகால் அஞ்சாறு மில்லிமீட்டர் எழும்புறது சரியாயிரும்தான், அது சோல் இன்னும் வெறப்பா இருக்குறதால, சோல் வளைய ஆரம்பிச்சதும் நின்னுரும். பக்கவாட்டுல சுண்டுவெரல் நசுங்குறதும் முன்னுக்கு முட்டுறதும் சரியாகவே ஆகாது. தோல் அகலத்துல கொஞ்சம் விட்டுக் குடுக்கும், நீளத்துல குடுக்காது.

தோல பத்தி சுருக்கமா. உள்ளுக்கு ஜெனுயின் லெதர்னு சீல் அடிச்சிருந்தா அது தோல்னு மட்டும்தான் அர்த்தம், நல்ல தோல்னு இல்ல. மேல்தோல சீவாம அப்படியே வெச்சிருக்குற புல் கிரெய்ன்தான் மலைக்கு சரி. கட்டவெரலால அமுக்கி பாருங்க, சன்னமான சுருக்கம் விழுந்து கைய எடுத்ததும் மறைஞ்சா நல்லது, மேல பெயின்ட் பூசி அழுத்துன தோல்ல சுருக்கமே விழாது, பளபளன்னு இருக்கும், ஆறு மாசத்துல மடிப்பு விழுற எடத்துல அந்த பூச்சு உரியும்.

சோல் விசயத்துல கொஞ்சம் நிக்கணும். ஹோர்ட்டன் சமவெளியில உலக முடிவுங்கற செங்குத்துப் பாறைய பாத்துட்டு திரும்பி வரும்போது ஒரு ஜேர்மன்காரரோட பூட்ஸ் அடி பிளந்துருச்சு, மொதல்ல குதிகால் பக்கம் வாய் தெறந்துச்சு, அப்புறம் அந்த நடு அடுக்கு பிஸ்கட் தூளா உதிர ஆரம்பிச்சிருச்சு, என் பேக்ல இருந்த நைலோன் கயித்த சுத்தி கட்டி தள்ளாடி தள்ளாடி வாகனத்துக்கு வந்தாரு. "இது புது பூட்ஸ்தான், பல வருசமா அலமாரியில பத்திரமா வெச்சிருந்தேன்"னு அழாத கொறையா சொன்னாரு. அந்த பத்திரம்தான் வினை. பொலியூரித்தேன்ங்கற பிளாஸ்டிக் நுரையில செஞ்ச சோல் காத்துல இருக்குற ஈரத்தால உள்ளுக்குள்ள உடைஞ்சுக்கிட்டே இருக்கும், நடந்தாலும் நடக்காட்டியும், அலமாரியில வெச்சா தேயாம இருக்கும்ங்கறது வெறும் நெனப்பு. நம்ம மலநாட்டு ஈரத்துக்கு சொல்லவே வேணாம். செக்கன்ட் ஹேண்ட் பூட்ஸ் வாங்குறவங்க மேல பளபளப்ப பாக்காதீங்க, சோலுக்கும் தோலுக்கும் நடுவுல உள்ள அடுக்க நகத்தால குத்தி பாருங்க, மாவா வந்தா ஓடிருங்க.

அதுக்கு மாத்துதான் தச்ச பூட்ஸ். குட்இயர் வெல்ட்னு சொல்றது, ரப்பர பதப்படுத்துன சார்ள்ஸ் குட்இயரோட மகன் பேர்ல வந்த தையல் முறை. மேல்தோலையும் உள்அடியையும் ஒரு தோல்பட்டையோட சேத்து தைப்பாங்க, அந்த பட்டையோட வெளி சோல தனியா தைப்பாங்க, நடுவுல தக்கை நெரப்புவாங்க. சோல் தேஞ்சா வெளித்தையல மட்டும் பிரிச்சு வேற சோல் போடலாம், மேல்தோலுக்கு ஒண்ணும் ஆகாது. சில மலிவு பூட்ஸ்ல தையல் இருக்குறாப்புல ரப்பர்லயே வார்த்து வெச்சிருப்பாங்க, உத்துப் பாத்தா நூலே இருக்காது. சோல் விப்ரம்ங்கற கம்பெனியோடதுன்னா நல்லது, அந்த பேருக்கு பின்னால ஒரு துக்கக் கதை இருக்கு, 1935-ல இத்தாலிய மலையேறுறவங்க ஆறு பேர் ஆல்ப்ஸ்ல செத்துப்போக, சரியான சப்பாத்து இல்லாததும் ஒரு காரணம்னு விட்டாலே பிரமானிங்கறவர் 1937-ல ஆழமா பல் வெட்டுன ரப்பர் சோல கொண்டுவந்தாரு. நனைஞ்ச பாறையில அதுவும் வழுக்கும், பாசி புடிச்ச படியில எந்த சோலையும் நம்பாதீங்க.

வெலைய அம்மாகிட்ட சொல்லல. தோட்டத்துல 1,000 ரூபா நாள் சம்பளத்துக்கு எத்தன வருசம் கத்தி 2021-ல கெடச்சதுன்னு தெரிஞ்ச வீட்டுல, ஒரு ஜோடி சப்பாத்து இவ்ளோன்னு எந்த வாயால சொல்றது. அண்ணன் பரிசா குடுத்ததுன்னு முடிச்சிட்டேன். ஆனா பூட்ஸ பழக்குன காலத்துல அம்மாதான் கூட இருந்து பாத்தாங்க, "வீட்டுக்குள்ளயே ஏன்டா தொரை மாதிரி டக்கு டக்குன்னு நடக்குற"ன்னு சிரிப்பு வேற.

பழக்குறதுக்கு குறுக்கு வழி கெடையாதுங்க. தண்ணியில ஊறவெச்சு போட்டு நடந்து காய விடுங்கன்னு யூடியூப்ல சொல்றாங்க, பட்டாளத்து ஆளுங்க செஞ்சதாம், வேணாம், தோல்ல இருக்குற எண்ணெய் போயிரும், தையல் இழுபடும். ஹெயர் ட்ரையர் சூடும் வேணாம். வீட்டுக்குள்ள ஒரு மணித்தியாலம், அப்புறம் ரெண்டு, அப்புறம் கடைக்கு போய் வர, அப்புறம் தோட்டத்து ரோட்டுல கொஞ்ச தூரம், நோகுற எடம் வந்தா அன்னைக்கு அதோட நிறுத்திரணும். சூடா ஒரு எடம் தேய்க்குதுன்னு தெரிஞ்ச உடனே பிளாஸ்டர் ஒட்டுங்க, கொப்புளம் வந்தப்புறம் ஒட்டி பிரயோசனம் இல்ல. கொட்டன் சொக்ஸ் வேர்வைய குடிச்சு ஈரத்தோட தேய்க்கும், கம்பளி கலந்தது எடுங்க. ஹப்புத்தளை மாதிரி ஊவா பக்கம் இருக்குறவங்களுக்கு ஜூலை ஆகஸ்ட் காத்துக்காலம் இதுக்கு நல்ல நேரம், காஞ்சு கெடக்கும், அதே மாசம் ஹட்டன் நுவரெலியா பக்கம் மழை, அங்க உள்ளவங்க பெப்ரவரி மார்ச்ல வெச்சுக்குங்க. எறக்கத்துக்கு லேஸ கட்டுற விதம் ஒண்ணு இருக்கு, கணுக்கால் மடியிற எடத்துல ரெண்டு லேஸையும் ஒண்ணோட ஒண்ணு ரெண்டு சுத்து முறுக்கி இறுக்கிட்டு அப்புறம் மேல கொண்டு போங்க, குதிகால் பின்னுக்கே நிக்கும், முன்பாதத்துக்கு மூச்சு விட எடமும் இருக்கும்.

மழைக்காலம் வந்தா நம்ம வீடுகள்ல சப்பாத்த அடுப்போரமா வெக்கிறது வழக்கம். அம்மாவும் வெக்கப் பாத்தாங்க.

"ஈரத்தோட கெடக்கே, அடுப்புப் பக்கம் வெச்சா வெடியிறதுக்குள்ள காஞ்சிருமேடா."

"வேணாம்மா, ஈரத்தோல்ல சூடு பட்டா சுருங்கி வெடிச்சிரும், தாள அடைச்சு வெச்சா போதும்."

"வீரகேசரி பேப்பர் இருக்கு, எடுத்து அடை, ராசிபலன் பக்கத்த மட்டும் வெச்சிரு."

தாள் ஈரத்த இழுக்க இழுக்க மாத்தணும், காத்தோட்டமான எடத்துல ரெண்டு நாள் வெக்கணும், அவ்ளோதான். வெள்ளையா பூஞ்சை புடிச்சா வினாகிரியில தண்ணி கலந்து தொடச்சு காய வெச்சிட்டு கொஞ்சமா தேன்மெழுகு கலந்த கிரீம் போடுங்க. தேங்காண்ணெய் தேய்க்காதீங்க, நுவரெலியா குளிருக்கு அது போத்தல்லயே ஒறஞ்சு கெடக்கும், தோல் மேலயும் அதே கத, வெள்ளப் படலமா நிக்கும். எதையுமே அள்ளி பூசாதீங்க, எண்ணெய் கூடுனா தோல் தொளதொளன்னு ஆயிரும், கணுக்கால தாங்காது. அட்டை கடிக்காம இருக்க சோப்பு தேய்க்கிறவங்க சொக்ஸ்ல தேய்ங்க, பூட்ஸ் தோல்ல வேணாம்.

போன மாசம் சோல் தேஞ்சு பல்லெல்லாம் வழவழன்னு ஆயிருச்சு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சப்பாத்து தைக்கிற பெரியவர்கிட்ட கொண்டு போனேன், கையில வாங்கி திருப்பிப் பாத்துட்டு "இது தையல் சாமான் தம்பி, ஒட்டு இல்ல, ஒங்க காலத்துக்கும் போடலாம்"னாரு. குத்தூசிய விட்டு வெளித்தையல ஒண்ணொண்ணா அறுத்து சோல உரிச்சாரு, உள்ள தக்கையில என் பாதம் அப்படியே பள்ளமா பதிஞ்சிருந்துச்சு, பெருவெரல் மூட்டு இருந்த எடம் நல்லா ஆழம். பழைய தக்கைய சொரண்டிப் போட்டுட்டு புதுசு வைக்கவான்னு கேட்டாரு, அதுதான் என் காலோட அச்சு ஐயா அப்படியே இருக்கட்டும்னு சொன்னேன். அண்ணன் அனுப்புன விப்ரம் சோல குடுத்தா மனுசனுக்கு அதுமேல நம்பிக்கையே இல்ல, லொறி டயர்ல வெட்டிப் போட்டா இன்னும் அஞ்சு வருசம் போகும்னு ஒரே வாதம், டயர் ஒழைக்கும் ஐயா ஆனா பாறையில புடிக்காதுன்னு சொல்லி சம்மதிக்க வெக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. தையக்கூலி நான் நெனச்சதுல பாதி கூட வரல. மெழுகு போட்ட பொலியெஸ்டர் நூல் இங்க தரமா கெடைக்கிறதில்லயாம், கெடச்சா ஒரு உருண்டை கொண்டு வந்து குடுங்கன்னு கேட்டிருக்காரு, அண்ணனுக்கு மெசேஜ் போட்டிருக்கேன்.