சாக்கைச் சின்னதாக வெட்டிக்கொண்டே போனேன்

செவலை எங்கள் வீட்டுக்கு வந்தது கார்த்திகைக் கடைசியில். மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளித் தோட்டம் வைத்திருக்கிற என் தம்பி, துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்து, பைக்கில் முன்னால் மாட்டிக்கொண்டு வந்து இறக்கினான். பிறந்து 45 நாள். நாட்டு நாய்தான். மழைக்காலம் முடிகிற சமயத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு நாயாவது குட்டி போட்டிருக்கும். கடுவன் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், பெட்டைகள் அப்படியே கிடக்கும். இவளும் பெட்டை. அதனாலேயே கொண்டுவரச் சொன்னேன். மாட்டில் செவலை என்று சொல்வோமே, அந்த நிறம். வேறு பெயர் யோசிக்கவே இல்லை.

எங்கள் வீடு பாலக்கோட்டில். முன் அறையில் என் தையல் வேலை. இரண்டு மெஷின், துணி வெட்டுகிற மேஜை, மேஜைக்கு அடியில் துண்டுத் துணி போட்டுவைக்கிற மூட்டை. வீட்டுக்காரர் சின்ன யானை வண்டியில் தக்காளி ஏற்றுகிறார். விடியற்காலை 3 மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். பையன் ஒன்பதாவது படிக்கிறான். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். குட்டி வந்தது பொங்கல் ஜாக்கெட் எல்லாம் வந்து குவிகிற நேரம். ஆனாலும் இன்னொரு மாதம் தள்ளி எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றவில்லை. தோட்டத்தில் விட்டால் கீரிக்கும் தெரு நாய்க்கும் யார் காவல் இருப்பது?

முதல் நாள் வீட்டுக்குள் 11 முறை ஒன்றுக்குப் போனாள். கால்மிதியில், துண்டுத் துணி மூட்டையில், பையன் கழற்றிப் போட்ட யூனிஃபார்ம் மேல். நான்காம் நாள், ஒரு வாடிக்கையாளர் பொங்கலுக்குத் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட் துணி மேஜையிலிருந்து நழுவிக் கீழே விழுந்திருக்கிறது. நான் அடுப்படியில் இருந்தேன். வந்து பார்த்தால் அதன் நடுவில் ஈரம். துவைத்தேன், கறை போய்விட்டது. ஆனால் அதைத் தைத்துக் கொடுக்க மனசு வரவில்லை. நடந்ததை அந்த அக்காவிடம் சொல்லி, அதே நிறத்தில் புதுத் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்குத்தான் அத்தை விளக்குமாற்றை எடுத்தார். "மூக்கப் புடிச்சி அதுலயே தேய்ம்மா. அப்பதான் புத்தி வரும்." எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அத்தை வளர்ந்த வீட்டில் நாய் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். நானும் தடுக்காமல் நின்றேன், அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. குட்டி வாலைக் கால்களுக்கு நடுவில் ஒடுக்கிக்கொண்டு, காதைப் பின்னால் தள்ளி, தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். "பாரு, தப்பு பண்ணோம்னு அதுக்கே தெரியுது" என்றார் அத்தை.

மறுநாள் முதல் எங்கள் கண்ணெதிரே அவள் போகவே இல்லை. இரண்டு நாள் கழித்து பீரோவுக்குப் பின்னால் இருந்து வாடை வந்தது. அங்கே இடுக்கில் கிடந்த பழைய பெட்ஷீட் முழுக்க ஈரம். வீட்டுக்குள் போகக் கூடாது என்று அவள் கற்றுக்கொள்ளவில்லை. மனிதர்கள் பார்க்கும்போது போகக் கூடாது என்று கற்றுக்கொண்டுவிட்டாள். அதன் பிறகு வீட்டுக்குப் பின்னால் மண் தரைக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் நான் பக்கத்தில் நிற்கிறேன் என்பதால் அடக்கிக்கொண்டே இருந்தாள். அந்தப் பயத்தைப் போக்கவே எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

தப்பு செய்ததைப் போல நாய் முழிக்குமே, அதைப் பற்றி அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார். பையன்தான் போனில் தேடி எனக்குப் படித்துக் காட்டினான். சாப்பிடக் கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் எடுத்ததோ இல்லையோ, வளர்ப்பவர் திட்டினால் அந்த முழி வந்துவிடுகிறதாம். தப்பே செய்யாத நாயும் அப்படித்தான் ஒடுங்குகிறதாம். அத்தையிடம் அவனே உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னான். விளக்குமாறு அதோடு மூலைக்குப் போனது.

சரி, அடிக்காமல் எப்படிப் பழக்குவது? எனக்குத் தெரிந்தது அளவெடுப்பது ஒன்றுதான். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, எத்தனை மணிக்குப் போனாள், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாள், எங்கே போனாள் என்று மூன்று நாள் எழுதினேன். நேரம் முதலில் பிடிபட்டது. தூங்கி எழுந்தால் உடனே. சாப்பிட்டால் பத்து நிமிஷம், மிஞ்சிப் போனால் இருபது நிமிஷத்தில். கயிற்றையோ நூல்கண்டையோ கடித்து விளையாடி, திடீரென்று விளையாட்டை விட்டுவிட்டுத் தரையை மோந்துகொண்டே வட்டம் போட்டால் அடுத்த நிமிஷம். ஒரு குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம்தான் அதிகபட்சமாகத் தாங்கும் என்பார்கள். இவளுக்கு ஒன்றரை மாதம், அதாவது இரண்டரை மணி நேரம். அதுவும் சும்மா படுத்திருந்தால். விழித்துத் துள்ளிக்கொண்டிருக்கிற குட்டிக்கு அரை மணி நேரமே அதிகம்.

எங்கே என்று எழுதிய வரிசையைத்தான் நான் கொஞ்சம் தாமதமாகப் பார்த்தேன். துணி, கால்மிதி, துணி, சாக்கு, பெட்ஷீட், துணி. வெறும் டைல்ஸ் மேல் ஒரு தடவைகூட இல்லை. பின்னால் மண்ணில் இறக்கிவிட்டாலோ, காலைத் தூக்கித் தூக்கி வைத்து, மோந்துவிட்டு, என் புடவையைப் பிடித்து உள்ளே இழுப்பாள். உள்ளே வந்ததும் நேராகக் கால்மிதிக்கு.

தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், குட்டிங்க கெடந்த எடத்துல என்னடா விரிச்சிருந்த?"

"மோட்டார் கொட்டாய்லதான்க்கா ஈனுச்சு. தரை சில்லுனு இருக்கேன்னு பழைய தக்காளி சாக்கு நாலஞ்சு போட்டேன். ஏன்க்கா?"

அவ்வளவுதான் விஷயம். கண் திறந்து, நடக்கக் கற்று, முதன்முதலாகத் தன் காலில் எழுந்து போய் ஒன்றுக்கிருந்த நாளிலிருந்து அவள் பாதத்துக்குத் தெரிந்தது சாக்கு. ஏழெட்டு வார வயதுக்குள் காலுக்கு எது பழகுகிறதோ, அதையே குட்டிகள் பிறகும் தேடும். புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும், சிமெண்ட் தரையில் அடைத்து வளர்த்தது சிமெண்டைத் தேடும். மெத்தென்று, ஈரத்தை உறிஞ்சுகிற மாதிரி காலுக்குப் பட்டால் அதுதான் இடம் என்று இவள் நினைத்திருக்கிறாள். ஒரு தையல்காரி வீட்டில் அப்படிப்பட்ட இடத்துக்கா பஞ்சம்? அவள் எதையும் மீறவில்லை. தனக்குத் தெரிந்த ஒழுங்கைச் சரியாகக் கடைப்பிடித்திருக்கிறாள்.

அன்றைக்கே துண்டுத் துணி மூட்டையைப் பரணில் ஏற்றினேன். கால்மிதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவள் நனைத்திருந்த ஒரு சாக்கைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோய், பின்னால் முருங்கை மரத்தடியில் மண்மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தேன். தூங்கி எழுந்ததும் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் விட்டேன். மோந்தாள். ஒரு சுற்று சுற்றினாள். போய்விட்டாள்! வீட்டுக்கு வெளியே அதுதான் முதல் முறை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மூன்று நாள் முழுச் சாக்கு. அப்புறம் கத்தரிக்கோலை எடுத்து ஒரு பக்கம் ஒரு சாண் வெட்டினேன். இரண்டு நாள் விட்டு இன்னொரு பக்கம். சாக்கு சின்னதாக ஆக ஆக, முன்கால் சாக்கிலும் பின்கால் மண்ணிலுமாக நின்று போனாள். அப்படித்தான் பாதம் மண்ணைப் பழகியது. கடைசியில் ஒரு கைக்குட்டை அளவு மிஞ்சியது, பொங்கலுக்கு நாலு நாள் முன்பு அதையும் எடுத்துவிட்டேன். அவள் வந்தாள், அதே இடத்தில் மண்ணை மோந்தாள், போனாள். சாக்கு இல்லாததைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

நடுவில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். வெளியே போனதற்கு வேகவைத்த முட்டையில் ஒரு கிள்ளு கொடுப்பேன். முட்டை அடுப்படியில் இருக்கும், உள்ளே கூட்டி வந்துதான் தருவேன். வீட்டுக்குள் ஓடி வந்தால் முட்டை கிடைக்கும் என்று அவள் புரிந்துகொண்டாள். பாதியில் எழுந்து ஓடி வந்து முட்டையைத் தின்றுவிட்டு, மீதியை டைல்ஸில் முடித்தாள். அதன் பிறகு முட்டையைச் சின்ன டப்பாவில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். போய் முடித்து நிமிர்ந்த அந்த நொடியே, முருங்கை மரத்தடியிலேயே கொடுத்தேன். அவள் போகும்போது "ஒன்னுக்குப் போ கண்ணு" என்று மெதுவாகச் சொல்வேன். இப்போது அந்த வார்த்தை காதில் விழுந்தாலே இடம் தேடுகிறாள்.

நான் மெஷினில் உட்காரும்போது, அவளுக்கு இடுப்புப் பட்டி ஒன்று தைத்து மாட்டி, ஒரு கஜம் நாடாவில் என் நாற்காலிக் காலோடு கட்டிவைத்தேன். கண்ணை விட்டு மறைந்தால்தானே மூலைக்குப் போவாள். ராத்திரிக்கு வீட்டுக்காரர் தக்காளிக் கிரேட்டுகளை அடுக்கி ஒரு தடுப்புப் போட்டுக் கொடுத்தார். ஆசையாகப் பெரிதாகப் போட்டுவிட்டார், அவள் ஒரு பக்கம் படுத்து மறுபக்கம் போனாள். கிரேட்டுகளை நெருக்கி, திரும்பிப் படுக்கிற அளவு மட்டும் விட்டதும் நின்றுவிட்டது. படுக்கிற இடத்தை நாய் முடிந்தவரை நனைக்காது. முதல் இரண்டு வாரம் 12.30க்கு நான் அலாரம் வைத்து எழுந்தேன். 3 மணி முறை அவருடையது. மார்கழிக் குளிரில் மங்க்கி குல்லாவோடு, வண்டிச் சாவி ஒரு கையிலும் குட்டி மறு கையிலுமாக முருங்கை மரத்தடியில் நிற்பார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

வீட்டைத் துடைக்கிற விஷயம். நான் முதலில் பினாயிலைக் கொட்டித் துடைத்தேன். நம் மூக்குக்கு வாடை போய்விடும், நாயின் மூக்குக்குப் போகாது, திரும்ப அங்கேயே வரும். தடுப்பூசி போடப் போனபோது கால்நடை மருத்துவர் இதைக் கேட்டுவிட்டு, பினாயில் குட்டியின் பாதத்தைப் புண்ணாக்கும், அந்தக் காலை நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல் என்று நிறுத்தச் சொன்னார். சோப்புத் தண்ணீரில் துடைத்து, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து இன்னொரு முறை துடைக்கிறேன். அந்த வாடையை உடைக்கிற நொதி கலந்த திரவமும் விற்கிறார்கள், விலை கூடுதல். எங்களுக்கு வினிகரே போதுமாக இருந்தது.

அந்த மருத்துவர் சொன்ன இன்னொன்று ரொம்ப முக்கியம். முதல் ஊசி போட்டாகிவிட்டது என்று தெருவில் இறக்கக் கூடாது. குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலைக் கொண்டுவருகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்த ஊசி, மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய்க்கடிக்கான ஊசி, இதெல்லாம் முடியும் வரை வேற்று நாய் வராத எங்கள் பின்பக்கம்தான் அவளுக்கு உலகம். பசும்பாலையும் நிறுத்தச் சொன்னார். அதுதான் வயிற்றை இளக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இளகிய வயிற்றோடு எந்தக் குட்டி அடக்கும்? எங்கள் வீட்டில் தினம் களி கிண்டுவோம். அதில் ஒரு உருண்டையை, உப்பும் வெங்காயமும் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரில் கரைத்து, கோழியையும் பிய்த்துப் போட்டு, ஒரு நாளைக்கு நாலு வேளை, குறித்த நேரத்துக்குக் கொடுத்தேன். உள்ளே போகிற நேரம் ஒழுங்கானதும் வெளியே போகிற நேரமும் ஒழுங்கானது.

பொங்கலுக்குப் பிறகும் ஒன்று மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து "செவலே!" என்று குனிந்தால் போதும், மல்லாந்து படுத்து அங்கேயே கொஞ்சம் விட்டுவிடுவாள். இது பழக்கக் குறை இல்லை. பெரியவர் முன்னால் ஒடுங்கிக் காட்டுகிற குட்டித்தனம், அவள் அறிந்து செய்வதே இல்லை. திட்டினால் கூடும். அவர் உள்ளே வந்ததும் அவளைப் பார்க்காமல் நேராகப் போய்க் கை கால் கழுவிவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் கழுத்துக்குக் கீழே தடவச் சொன்னேன். ஆசையாக ஓடி வருகிற குட்டியைப் பார்க்காமல் போவது அவருக்குத்தான் பெரிய சிரமமாக இருந்தது. மாசி முடிவதற்குள் அதுவும் நின்றது.

இப்போது சித்திரை. ஆறு மாதம் ஆகப்போகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடைசியாக எழுதியது பங்குனி 4ஆம் தேதி. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் நல்ல கோடை மழை. அவள் பிறந்து விவரம் தெரிந்து பார்க்கிற முதல் பெரிய மழை. பின்வாசல் கதவைப் பிராண்டினாள், திறந்தேன். ஒரு காலை ஈர மண்ணில் வைத்தாள், உதறினாள், திரும்பி என்னைப் பார்த்தாள். பரணில் துண்டுத் துணி மூட்டை இருந்தது, கை எட்டுகிற உயரம்தான். அத்தை குடையை எடுத்து நீட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, நானும் அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கினேன். முருங்கை மரம் வரைக்கும் போய் நின்றேன். "வா கண்ணு" என்றேன். இரண்டாவது காலையும் வைத்தாள்.