வேண்டியிருக்கும்

"வேண்டியிருக்கும்ல சிஸ்டர்?" என்று கேட்டாள். "வேண்டியிருக்கும்மா" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் விரல் வைத்துக் காட்ட எனக்குத் தெரியாது.

29 வாரத்தில் பிறந்த பிள்ளை, 1,050 கிராம். மூச்சுத் திணறலெல்லாம் தாண்டி, இரண்டு மணிக்கொரு தடவை 8 மில்லி பால் வயிற்றுக் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 11-ஆம் நாள் வயிறு உப்பியது. குழாயை இழுத்துப் பார்த்தால் பச்சையாக வந்தது, டயப்பரில் ரத்தம். எங்கள் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சை யூனிட்டில் இதை 'நெக்' என்போம். குறைமாதக் குடல் அழற்சி கண்டு அழுகத் தொடங்குவது. பாலை நிறுத்தியாயிற்று. மறுநாள் எக்ஸ்ரேயில் குடலுக்கு வெளியே காற்று தெரிந்தது. சர்ஜரி டாக்டர் வந்து வயிற்றில் ஒரு டியூப் போட்டுவிட்டு, எங்கள் டாக்டரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நானும் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அவள் வந்தாள். சிசேரியன் தையலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையில் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் முப்பது மில்லி பாலுடன். பாலை நிறுத்தியிருக்கிறோம் என்று அவளுக்கு முதல் நாளே சொல்லியாயிற்று. அதனால்தான் அந்தக் கேள்வி.

நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. மார்பு காலியாகாவிட்டால் பால் வற்றிவிடும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது பீய்ச்ச வேண்டும். நெக் வந்து தேறிய பிள்ளைகளுக்குத் திரும்பத் தாய்ப்பால்தான் முதலில் கொடுப்போம். பவுடர் பால் கொடுத்தால் நெக் வரும் வாய்ப்பே கூடுதல். ஆக, "விட்றாதீங்க" என்பது சரியான நர்சிங். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஆனால் நான் அதைச் சொன்னது நர்சிங்குக்காகவா? அந்தத் தலையாட்டலை அவளிடம் எடுத்துச் சொல்லும் வேலை எனக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவா? டாக்டர் அவள் வீட்டுக்காரரிடம் பேசினார். "சீரியஸ்தான், பாப்போம்" என்றார். அவர் அதை மனைவியிடம் எப்படிச் சொன்னாரோ, சொன்னாரா என்பதே தெரியாது. அவள் பீய்ச்சிக்கொண்டே இருந்தாள். நான் பாட்டிலில் ஊற்றி, தாய் பெயர், தேதி, மணி எழுதி ஃப்ரீசரில் அடுக்கிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அங்கே செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. பிள்ளையைத் தூக்க முடியாது, தொட்டால்கூட மானிட்டர் கத்தும். பால் ஒன்றுதான் அவள் கையில் இருந்தது, அதை நான் பிடுங்கவில்லை என்று என்னைச் சமாதானம் செய்துகொள்வேன். ராத்திரி அலாரம் வைத்து எழுந்து, மார்பு கன்றிப்போய் அவள் பீய்ச்சியதை நினைத்தால் அந்தச் சமாதானம் நிற்பதில்லை.

இதற்கு அடுத்த வருடம் இன்னொரு அம்மாவிடம் ஒளிக்காமல் பேசினேன். "எதுவும் உறுதி சொல்ல முடியாதும்மா, கஷ்டமான நிலைமைதான்." மூன்றாம் நாள் அந்தப் பெண் பீய்ச்சுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை தேறியது. பால் ஆரம்பிக்கலாம் என்ற அன்று அவளிடம் பால் இல்லை. மற்ற தாய்மார் தானமாகத் தரும் பாலைச் சேர்த்து வைக்கும் பால் வங்கியும் எங்களிடம் இல்லை. மும்பை சயன் மருத்துவமனையில் 1989-லேயே தொடங்கிய ஒன்று. யாரை நொந்துகொள்ள?

அந்த 29 வாரப் பிள்ளையின் 15-ஆம் நாள் விடியற்காலை. இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது, டாக்டர் பிள்ளையின் பக்கத்தில் நின்றார். கதவைத் தட்டிக் கிண்ணத்தை நீட்டினாள். "பாத்துட்டுப் போகட்டா?" "டாக்டர் பாத்துக்கிட்டிருக்காங்கம்மா, செத்த நேரம் கழிச்சு வாங்க" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சு. ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. பாலை வாங்கி ஊற்றி, எழுதி, ஃப்ரீசரில் வைத்தேன். ஏன் வைத்தேன்?

ஐந்து மணிக்கு அவளைக் கூப்பிட்டு மடியில் கொடுத்தோம்.

வார்டில் அவள் மாமியார் மல்லிகைப்பூ வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினார். பால் வற்ற நம் பக்கம் காலங்காலமாகச் செய்வதுதான். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 1988-ல் சோதித்து, மாத்திரைக்கு ஈடாகப் பூ வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். கிளம்பும்போது அந்த அம்மாள் என்னிடம் வந்தார். "தாயி, எடுத்து வச்ச பாலைக் குடுத்துருங்க. புதைக்கிற எடத்துல ஊத்தணும்." ரூல்படி கொடுக்கலாமா என்று யாரையும் கேட்கவில்லை. 18 பாட்டில், மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தேன். வேண்டியிருக்கும் என்று சொன்னேன் அல்லவா, வேண்டித்தான் இருந்தது என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது. அப்படி லேசானதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஃப்ரீசரைக் கழுவும்போது பின்பக்கம் ஐஸோடு ஐஸாக ஒரு பாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்து கலையவில்லை. 3.40, என் கையெழுத்து.