கொக்கிப்புழுக் கோப்பு கிடைத்த கதை

இலங்கையில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிதியம் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு வேலை பற்றிய கடிதங்களைத் தேடிப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. மறுபடி அங்கேதான் போகவேண்டும்!

முதலில் பல்கலைக்கழகக் கடிதம். "இது போட்டோகொப்பி மிஸ், ஒரிஜினல் வேணும்." ஒரிஜினலோடு போனால், சீல் தெளிவாக இல்லையாம். ஹட்டனிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வந்தவளுக்கு எப்படி இருக்கும்? சண்டை பிடிக்கவில்லை. புதுக் கடிதமே வாங்கிவந்தேன். அப்புறம் கிளார்க் போனில் பேசிக்கொண்டே சுகாதாரப் பட்டியலை நாலு பக்கம் புரட்டிவிட்டு, "அப்படி ஒன்றும் இல்லை" என்றார்.

தேத்தண்ணி நேரத்தில் பியோன் ஐயாதான் காதோடு சொன்னார்: "தோட்டத்து ஆளுங்க நோய் வருத்தமெல்லாம் லேபர் பைல்லதான் கிடக்கும் மிஸ்."

அங்கேதான் கிடந்தது. துருப்பிடித்த குண்டூசி, தொட்டால் உதிரும் விளிம்பு, கார்பன் எழுத்து. வெறுங்காலில் மண் வழியாக ஏறி, குடலில் இருந்து இரத்தம் குடிக்கும் புழு அது. துரைமாருக்கோ வேறு கவலை: புழு மருந்தான செனப்போடியம் எண்ணெய் குடித்த ஆள் அன்றைக்கு வேலைக்கு வராது, கக்கூஸ் கட்டக் காசு யார் தருவது. படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது.

இனித் தேடுபவர்கள் 'மருத்துவம்' என்ற தலைப்போடு நின்றுவிடாதீர்கள். தொழிலாளர் குடிவரவு, மண்டபம் முகாம் (இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரை நோய்க்காகத் தடுத்துவைத்த இடம்), தோட்டத்துரைமார் சங்கக் கடிதங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். இந்தியத் தொழிலாளர் நலம் பார்க்க 1920களிலிருந்து கண்டியில் இருந்த இந்திய அரசின் ஏஜெண்டுடைய ஆண்டறிக்கைகளில் தோட்டத்துக் குழந்தை மரணக் கணக்கும் வரும். அது பலருக்குத் தெரிவதில்லை. ராக்பெல்லர் நிதியத்தின் பழைய ஆண்டறிக்கைகள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. முதலில் அவற்றைப் படித்து ஆண்டும் ஊரும் குறித்துக்கொண்டு போனால், "இல்லை" என்று சொல்பவரிடம் திருப்பிக் கேட்க வாய் வரும்.

பேனா உள்ளே விடமாட்டார்கள், பென்சில் கொண்டுபோங்கள். போயா நாளா (பௌர்ணமி விடுமுறை) என்று கலண்டரையும் பாருங்கள். கடிதத்தின் சீலை வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.